கணினிப் பெட்டியில் ஒரு துவாரம்



வீட்டு மேசையின்மேல் இருக்கும் கணினியின் இரும்புப் பெட்டியை, முன்பின் பழக்கமில்லாத ஒருவர் தம் கையாலேயே அறுத்தும் துளைத்தும் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்வது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். இலக்கியப் பிரசங்கங்களுக்கே பழகிப்போன இந்த மண்டபத்தில் திருப்புளியையும் அரத்தையும் பற்றி ஒருவன் ஒரு மணி நேரம் பேசுவதா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். கம்பனைப் பற்றிப் பேச ஈப்போவில் வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். தகரத்தை அறுப்பதைப் பற்றிப் பேச முன்வருவோர்தாம் குறைவு. அந்தக் குறையை உத்தேசித்தே தலைவர் அவர்கள் என்னை அழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பெட்டியின் வேலை என்ன என்பதை முதலில் சற்று நிதானமாகப் பார்ப்போம். மதர்போர்டு என்று கடைகளில் சொல்லும் தாய்ப்பலகையையும், அதில் செருகியிருக்கும் உறுப்புகளையும் அசையாமல் தாங்குவது ஒரு வேலை. மின்சாரத்தால் நமக்கும், நம் கையால் அந்த உறுப்புகளுக்கும் தீங்கு நேராதபடி இடையில் நிற்பது மற்றொரு வேலை. உள்ளே பிறக்கும் உஷ்ணம் வெளியேறுவதற்குக் காற்றுக்கு ஒரு பாதை வகுத்துக் கொடுப்பது மூன்றாவது வேலை. முதல் இரண்டையும் ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளும் குறைவின்றிச் செய்துவிடுகின்றன. மூன்றாவதில்தான், மலிவான பெட்டிகளும், முகப்பு அழகையே பெரிதென்று எண்ணி முன்பக்கத்தை முற்றிலும் மூடிவிட்ட சில விலையுயர்ந்த பெட்டிகளும் ஒருசேரத் தவறுகின்றன. நாம் கையில் ரம்பத்தை எடுப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டென்றால், அது இந்த மூன்றாவது வேலைதான்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினியை வெளியிட்டபோது, பிறர் செய்த அட்டைகளையும் உள்ளே செருகிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு வெளியிட்டது. திருப்புளி பிடிக்கத் தெரிந்த எவரும் பெட்டியைத் திறந்து ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டலாம் என்ற சுதந்திரம் அதிலிருந்து வளர்ந்தது. 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அளவுத் திட்டத்தை வகுத்து, பலகையின் நீளம் 305 மில்லிமீட்டர், அகலம் 244 மில்லிமீட்டர், அதைத் தாங்கும் திருகாணித் துளைகள் இன்னின்ன இடத்தில் என்று பிரமாணம் செய்துவிட்டது. தைவானில் வடிவமைத்த பலகை ஒன்று, சீனாவில் செய்த பெட்டி ஒன்றில், புந்தோங்கிலோ சுங்கை சிப்புட்டிலோ ஒரு மாணவன் கையால் பிசகின்றிப் பொருந்துகிறதென்றால், அதற்குக் காரணம் அந்தப் பிரமாணம்தான். விசிறிகளுக்கும் அப்படியே: 120 மில்லிமீட்டர் விசிறியின் திருகாணித் துளைகள் மையத்துக்கு மையம் 105 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர் விசிறிக்கு 71.5 மில்லிமீட்டர். இளைஞர்கள் இந்த இரண்டு எண்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவற்றை மறந்தாலும் பாதகமில்லை.

பெட்டியை அறுக்கும் பழக்கம் உலகில் எப்படிப் பரவியது என்று கேட்டால், அதன் ஆரம்பத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பேன். 1998-இல் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்ற மலிவான செயலி ஒன்றை விற்பனைக்கு விட்டது. 300 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது அது. ஆனால், பலகையில் தரவு செல்லும் பாட்டையின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100-க்கு உயர்த்திவிட்டால், அதே செயலி 450 மெகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் தடங்கலின்றி ஓடுவதைக் கெட்டிக்கார இளைஞர்கள் கண்டுகொண்டார்கள். விலை குறைந்த சரக்கில் விலை உயர்ந்த வேகம் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது? வேகம் ஏறியபோது உஷ்ணமும் ஏறியது. உஷ்ணம் ஏறியபோது கணினி திடீர் திடீரென்று நின்றது. அதைப் போக்க அவர்கள் பெட்டியின் மேல்தகட்டை வட்டமாக அறுத்து, அங்கே ஒரு விசிறியைப் பொருத்தினார்கள். ஆப்பிள் நிறுவனம் உள்ளுறுப்புகள் தெரியும்படியான நீலநிற ஐமாக்கை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். கணினி என்றால் சாம்பல் பூத்த வெளிர்மஞ்சள் பெட்டியாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதனோடு தளர்ந்தது. தேவைக்காகத் தொடங்கிய அறுப்பு, பிறகு அலங்காரத்துக்கும் ஆயிற்று. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்த இளைஞர்கள் கையாண்ட செயலிகளில் பல, மலேசியாவில் பொதியப்பட்டவை. 1972 முதல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் இன்டெல் தொழிற்சாலை இயங்கி வருகிறது. பின்னர் கூலிமிலும் வந்தது. வட பேராக்கிலிருந்து விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி அங்கெல்லாம் வேலைக்குப் போன பெண்களில், ரப்பர்ப் பால் மரக் காட்டை விட்டுப் புறப்பட்ட நம் வீட்டுப் பெண்களும் உண்டு. செயலியைப் பொதிந்த கைகள் நம்முடையவையாக இருக்க, பெட்டியைத் திறப்பதற்கு மட்டும் நாம் அஞ்சுவது எனக்கு எப்போதுமே விநோதமாகத் தோன்றுவதுண்டு.

அந்நிய நாட்டார் தம் சீதோஷ்ணத்துக்குச் செய்துகொண்டதை நாம் அப்படியே ஏற்கலாமா என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு சிறு கணக்கைக் கேளுங்கள். கணக்கென்றதும் யாரும் எழுந்துவிட வேண்டாம். நம் அறையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.15 கிலோகிராம்; அதை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 1,150 ஜூல் வேண்டும். விளையாட்டுகளுக்கென்று சற்று வலுவாக அமைத்த கணினி 300 வாட் மின்சாரத்தைச் செலவழிக்கிறதென்றால், அது அத்தனையும் கடைசியில் உஷ்ணமாகவே மாறி, நிமிடத்துக்கு 18,000 ஜூல் வீதம் பெட்டிக்குள் வந்து சேருகிறது. நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று பெட்டியின் வழியே சென்றால், அந்தக் காற்று 15 பாகைக்குச் சற்று மேல் சூடேறி வெளியே வரும். இரண்டு கன மீட்டர் சென்றால் எட்டுப் பாகைதான் ஏறும். 20 பாகை இருக்கும் ஐரோப்பிய அறை ஒன்றில் அந்த 15 பாகை ஏற்றத்தைச் சேர்த்தால் 35. பிற்பகலில் 33 பாகை காயும் ஈப்போ வீட்டில் சேர்த்தால் 48. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பெட்டியின் உள்ளிருக்கும் காற்றை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்காது என்பதை நினைவில் வையுங்கள். அது செய்யக்கூடியதெல்லாம் அந்த வித்தியாசத்தைக் குறைப்பதுதான். அங்கே ஒரு விசிறியோடு திருப்தியடையும் பெட்டிக்கு, இங்கே இரண்டாவது விசிறி அவசியமாவதன் காரணம் இந்தக் கூட்டல் கணக்கில் அடங்கியிருக்கிறது.

பேராக் மாநிலத்தின் செல்வமென்று நம் பாட்டன்மார் காலத்தில் எவை பேசப்பட்டனவோ, அந்த வெள்ளீயமும் ரப்பரும் இந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பலகையில் உறுப்புகளைப் பிணைத்திருக்கும் பற்றாசில், முன்பு நூற்றுக்கு 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் இருந்தன. ஐரோப்பியச் சட்டம் 2006 ஜூலை முதல் காரீயத்தை விலக்கிய பிறகு, அதில் 96.5 பங்கு வெள்ளீயமே ஆகி, மிச்சம் வெள்ளியும் செம்புமாயிற்று. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் வெள்ளீய விலை குலைந்ததும் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, குளங்களும் மணல்வெளிகளுமாய்க் கிடந்ததை இங்கிருக்கும் மூத்தவர்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். ரப்பரோ, 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய கதை. அக்கன்றுகளில் ஒன்று மரமாக இன்னமும் அங்கே நிற்கிறது. பெட்டியின் பாதங்களும், விசிறியின் அதிர்வைத் தாங்கும் மெத்தைகளும், அறுத்த விளிம்பில் மாட்டும் வளையங்களும் ரப்பர். இப்போது அவற்றிலும் செயற்கை ரப்பரும் சிலிகோனும் புகுந்துவிட்டன என்பது வேறு கதை.

இனி, நான் உண்மையிலேயே சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பால் வெட்டும் தொழிலைச் சாமானியமான தொழிலென்று வெளியிலிருப்போர் நினைக்கிறார்கள். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு 300, 400 மரங்களில், பட்டையை ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்கு மட்டும் சீவி, உள்ளே மரத்தின் உயிரான மெல்லிய படலத்தைத் தொடாமல், அதற்கு ஒரு மில்லிமீட்டர் இப்பால் கத்தியை நிறுத்த வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரம் புண்பட்டு அந்த இடம் முடிச்சு விழுந்து போகும், கங்காணியின் வாய்க்கும் தப்ப முடியாது. அளவுகோல் இல்லாமல், அரையிருட்டில், கையின் உணர்ச்சி ஒன்றைக்கொண்டே மில்லிமீட்டர் கணக்கில் உழைத்தவர்கள் நம் தாய்மாரும் பாட்டிமாரும். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி வாளியாக்கியவர்களும், பழைய சைக்கிளின் பின்னால் இரும்புச் சட்டம் பற்றவைத்துப் பால் வாளிகளைச் சுமக்கச் செய்தவர்களும் தோட்டத்திலேயே இருந்தார்கள். அவர்களெல்லாம், தம் பிள்ளை கத்தி பிடிக்கக் கூடாது, பேனா பிடிக்க வேண்டும் என்று விரும்பியது மிகவும் நியாயமே. பட்ட பாடு அப்படி. ஆனால் அந்த விருப்பத்தின் நிழலில், கையால் செய்யும் வேலை எல்லாமே தாழ்ந்தது என்ற ஓர் அபிப்பிராயமும் நம்மிடையே சத்தமில்லாமல் வளர்ந்துவிட்டது. கணினி வந்தபோது அதை அழுக்குப்படாத வேலைக்கு அடையாளமாக வரவேற்றோம். விசைப்பலகையைத் தட்டுவது படித்தவன் வேலை, பெட்டியைத் திறப்பது கடைக்காரன் வேலை என்று பிரித்தும் வைத்துவிட்டோம். அந்தப் பிரிவினையில் எனக்குச் சம்மதமில்லை.

பெட்டியைத் திறக்க நாம் தயங்குவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். அதில் ஒரு சுவரை இடித்து ஜன்னல் வைக்கும் உரிமை குடியிருந்தவனுக்கு இல்லை. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, உழைத்தவர்களே பங்குபோட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று காட்டியது, உடைமை என்ற எண்ணத்தையே நமக்குப் புதிதாக அறிமுகப்படுத்திய காரியம். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் என்னும் குடியிருப்பு வந்த இடங்களில் நாம் சொந்த வீட்டில் குடியிருக்கிறோம். சாவி கைக்கு வந்த மறுமாதமே பின்புறத்துச் சுவரை உடைத்து அடுக்களையை நீட்டிக் கட்டாதவர் இந்தச் சபையில் எத்தனை பேர்? வீடு கட்டியவன் நம் சமையலை அறிந்து கட்டவில்லை என்று நாம் உடைக்கிறோம். பெட்டி செய்தவன் மட்டும் நம் ஊரின் உஷ்ணத்தை அறிந்து செய்தானா?

காரியத்துக்கு வருவோம். முதல் அறுப்பைப் புதுப் பெட்டியில் செய்ய வேண்டாம். பழைய இரும்புக் கடைகளில், உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டிகள் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். காந்தம் ஒட்டினால் எஃகு; ஒட்டாவிட்டால் அலுமினியம்; அலுமினியம் அறுக்க எளிது, ஆனால் அரத்தின் பல்லில் அப்பிக்கொள்ளும். எஃகுத் தகட்டின் கனம் சாதாரணமாக அரை மில்லிமீட்டரிலிருந்து 0.8 மில்லிமீட்டர் வரை இருக்கும். விரலால் அழுத்தினால் தளதளவென்று உள்வாங்கும் தகட்டை விட்டுவிடுங்கள், அறுக்கும்போது அது அதிர்ந்து ரம்பத்தை உடைக்கும். விசிறி, திருகாணி, கம்பி போன்ற சில்லறைச் சாமான்களுக்கு ஈப்போவில் யிக் ஃபூங் வளாகத்துப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

உபயோகத்திலிருக்கும் பெட்டியை அறுப்பதானால், உள்ளே உள்ள எல்லாவற்றையும், ஒன்றுவிடாமல், வெளியே எடுத்துவிட வேண்டும். பலகை இருக்கும்போதே ஓரமாக ஒரு துளை போட்டுக்கொள்ளலாம் என்ற சோம்பல் எண்ணம் எல்லாருக்கும் வரும். கண்ணுக்குத் தெரியாத ஓர் இரும்புத் துகள் இரண்டு ஊசிகளுக்கிடையே விழுந்தால் போதும், பலகை பாழ். கழற்றும் திருகாணிகளை வகைப்படுத்தி வையுங்கள்: அங்குலத்துக்கு 32 புரி கொண்ட தடித்தவை ஒரு டப்பாவில், மூன்று மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லியவை மற்றொன்றில். இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பிதான்; ஒன்றின் துளையில் மற்றொன்றை முறுக்கினால் புரி அழிந்துவிடும். மின்வழங்கிப் பெட்டியை, அதாவது பவர் சப்ளையை, அப்படியே கழற்றி ஒதுக்கி வையுங்கள். அதன் மூடியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் திறக்காதீர்கள். சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். இன்றைய பேச்சில் நான் கண்டிப்பாக விதிக்கும் தடை இது ஒன்றே.

இப்போது தகடு மட்டும் நம் முன்னால் இருக்கிறது. விசிறி வரவேண்டிய இடம் முழுவதும், பெயிண்டர்கள் ஒட்டும் காகிதப் பட்டையை ஒட்டி மூடுங்கள். கோடு போட இடமும் கிடைக்கும், ரம்பத்தின் அடித்தட்டு வர்ணத்தைக் கீறாமலும் இருக்கும். விசிறி உள்ளே பொருந்துமா, பலகையிலோ வட்டுத் தட்டிலோ இடிக்குமா என்பதை, அறுப்பதற்கு முன்பே, பலகையைத் தற்காலிகமாக வைத்து அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். விசிறியின் கனம் சாதாரணமாக 25 மில்லிமீட்டர். பிறகு மையத்தைக் குறித்து, 105 மில்லிமீட்டர் சதுரம் வரைந்து, அதன் நான்கு மூலைகளிலும் கூர்முனை ஆணியை நிறுத்திச் சுத்தியலால் லேசாகத் தட்டிக் குழி வையுங்கள். இந்தக் குழியில்லாவிட்டால் ட்ரில்லின் முனை வழுக்கிக்கொண்டு ஓடும். அதே மையத்திலிருந்து 115 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தை வரைந்தால், விசிறியின் இறக்கைகளுக்கு வேண்டிய வாசல் அது.

ட்ரில்லின் முனையில் மாட்டும் வளைய ரம்பம் இருந்தால் வட்டத்தை ஒரே வேலையில் அறுத்துவிடலாம். ஜிக்சா இருந்தால், உலோகத்துக்கென்று விற்கும் நுண்பல் அலகை மாட்டி, கோட்டின் உட்புறமாக ஒரு துளை போட்டு அங்கிருந்து நிதானமாக ஓட்டலாம். இரண்டிலும் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். வேகத்தைக் கூட்டினால் அறுப்பு விரைவாகாது, பல்தான் சிவந்து மழுங்கும். தகட்டின் அடியில் ஒரு மரத்துண்டை வைத்துக் கிளாம்பால் இறுக்கிவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். சுழலும் ட்ரில்லின் அருகே கையுறை வேண்டாம், அது துணியைப் பற்றி விரலோடு இழுக்கும். அறுத்த தகட்டைக் கையாளும்போது கையுறை வேண்டும், அதன் விளிம்பு சவரக் கத்திக்குக் குறைந்ததன்று. இந்த இரண்டு கருவிகளும் இல்லாதவர்கள், வட்டத்தின் உட்புறமாகச் சிறு துளைகளை நெருக்கமாகப் போட்டு, இடையிலுள்ள தகட்டைச் சிறு உளியால் தட்டி உடைத்து, நடுப்பகுதியை எடுத்துவிடலாம். நேரம் பிடிக்கும் வழிதான். ஆனால் தொடக்கக்காரர்களுக்கு நான் இதையே சிபாரிசு செய்கிறேன். ஏனெனில், இதில் பிசகு நேர்ந்தாலும் ஒரு துளை அளவோடு நின்றுவிடும்.

எடுத்தவுடன் வாசல் கோணல்மாணலாக, பல் தெரியச் சிரிக்கும். மனம் தளர வேண்டாம். வேலை இனிமேல்தான் ஆரம்பம். அரைவட்ட அரத்தை எடுத்து, அதன் வளைந்த முகத்தை விளிம்பில் சாய்த்து வைத்து, முன்னே தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். அரம் தள்ளும்போதுதான் அறுக்கும், இழுக்கும்போது அழுத்துவதால் அதன் பல் தேய்வதைத் தவிரப் பிரயோஜனமில்லை. ஒரே இடத்தில் நின்று தேய்த்தால் அங்கே குழி விழும். ஆகையால் ஒவ்வொரு தள்ளலிலும் அரத்தைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி, வட்டத்தோடு கூடவே கையும் வளைந்து செல்ல வேண்டும். ஆரம்பத்தில் கீச்சென்று பல்லைக் கூசச் செய்யும் சத்தம், மேடுகள் கரையக் கரைய, சீரான ஒரு சரசரப்பாக மாறும். கோடு அழிந்து கோட்டின் ஓரம் மட்டும் நிற்கும்போது நிறுத்திவிடுங்கள். அதன் பிறகும் தகட்டின் இரு முகங்களிலும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். நுண்ணிய உப்புத்தாளை விரலில் சுற்றி உள்ளும் புறமும் சாய்வாகத் தேய்த்து, கடைசியில் ஒரு பழைய பருத்தித் துணியை விளிம்பெங்கும் இழுத்துப் பாருங்கள். எங்காவது நூல் மாட்டினால் அங்கே இன்னும் பிசிறு உண்டு. துணி மாட்டாமல் வழுகி வருமட்டும் விடக்கூடாது; நாளைக்கு அந்த வழியே ஒரு கம்பி போகும், அதன் உறையைக் கிழிக்கும் பிசிறு என்றாவது ஒருநாள் கணினியையே கொன்றுவிடும்.

அறுத்த இடத்தில் தகட்டின் துத்தநாகப் பூச்சு போய்ப் பச்சை எஃகு வெளிப்பட்டிருக்கும். நம் ஊரின் ஈரக்காற்றில் அது துருப்பிடிக்க அதிக நாள் வேண்டியதில்லை. உடனே ஒரு பூச்சுப் பிரைமர் அடித்துவிடுங்கள். பெட்டி முழுவதற்கும் வர்ணம் தீட்ட விரும்புவோர் காலைப்பொழுதில் செய்யுங்கள். பிற்பகலில் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் ஸ்பிரே வர்ணம் அடித்தால், காற்றிலிருக்கும் ஈரம் பூச்சில் படிந்து, கறுப்பு வர்ணமும் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிடும். நல்ல வர்ணத்தைக் கொடுத்தும் கடைக்காரன் திட்டு வாங்குவது பெரும்பாலும் இதனால்தான். வர்ணம் தீட்டும்போது மறக்கக்கூடாத விஷயம் ஒன்று: பெட்டி முழுவதும் மின்வழங்கியின் வழியாக, மூன்று முனைச் செருகியின் நில இணைப்போடு சேர்ந்திருக்கிறது. 240 வோல்ட் மின்சாரம் தவறிப்போய்த் தகட்டைத் தொட்டால், அதை நம் உடம்பின் வழியே அல்லாமல் பூமிக்கு அனுப்புவது அந்த இணைப்புதான். மின்வழங்கி உட்காரும் இடத்திலும், பலகையைத் தாங்கும் பித்தளைக் கால்கள் ஏறும் இடத்திலும் வர்ணத்தை அப்பிவிட்டால் உலோகத்தோடு உலோகம் தொடாமல் போய்விடும். அந்த இடங்களைக் காகிதப் பட்டையால் மூடிவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

விசிறியின் ஒரு பக்கத்தில் நடுமோட்டாரைத் தாங்கும் சட்டங்கள் இருக்கும். காற்று அந்தப் பக்கமாகத்தான் வெளிவரும். குளிர்ந்த காற்று முன்பக்கத்தின் கீழிருந்து நுழைந்து, சூடான காற்று பின்பக்கத்தின் மேலே வெளியேறும்படி அமைப்பதே பொது விதி. உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடச் சற்று அதிகமாக இருக்கட்டும். அப்போது பெட்டியின் இடுக்குகளிலெல்லாம் காற்று வெளிநோக்கியே கசியும், தூசி வடிகட்டியின் வழியாக மட்டுமே வர முடியும். சிம்பாங் பூலாய்ப் பக்கமும் செம்மோர்ப் பக்கமும் இருப்பவர்களுக்குச் சுண்ணாம்பு மலையைக் குடையும் கல்லுடைப்பின் வெண்தூசியைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் விற்கும் வடிகட்டிக்குப் பதிலாக ஜன்னலில் அடிக்கும் கொசுவலைத் துண்டு ஒன்றை வெட்டி விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே வைத்தாலும் போதும். அது பல்லியையும் தடுக்கும். பிறநாட்டுப் புத்தகங்கள் பல்லியைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. நம் வீடுகளிலோ, வெதுவெதுப்பை நாடி இரவில் பெட்டிக்குள் புகுந்து, மின்முனைகளின்மேல் படுத்துத் தானும் செத்து, பலகையையும் கெடுப்பது பல்லிதான். பழுது பார்க்கும் கடைக்காரர் எவரைக் கேட்டாலும் சொல்வார். வலை, காற்றின் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்பதும் உண்மை. பதினைந்து நாளுக்கொரு முறை அதைக் கழற்றி உதறிவிட்டால் அந்த நஷ்டம் பெரிதாகாது.

விளக்குகளைப் பற்றி இளைஞர்கள் கேட்பீர்கள். பக்கத் தகட்டை அறுத்து அக்ரிலிக் கண்ணாடி பொருத்துவதும், உள்ளே வண்ண விளக்குகளை எரியவிடுவதும் அவரவர் ருசி; தைப்பூச ரதத்துக்கு ஈடாக ஒளிவீசும் பெட்டிகளை நானும் பார்த்திருக்கிறேன், அவற்றின் முன்னால் உட்கார்ந்து எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை. செய்வதானால் கணக்கோடு செய்யுங்கள். மின்வழங்கியின் மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், கறுப்புக் கம்பி அதன் திரும்பும் வழி. வெள்ளை எல்.இ.டி. ஒன்று 3.2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மிச்சம் 8.8, அதற்கு 20 மில்லி ஆம்பியர் போதும், வகுத்தால் 440 ஓம், கடையில் அதற்கு அடுத்தபடியாகக் கிடைப்பது 470 ஓம் தடை. அதை இடையில் சேர்க்காமல் நேராகக் கொடுத்தால் விளக்கு ஒரு கணம் வெகு பிரகாசமாக எரிந்து, அதோடு சரி.

தகரம், வர்ணம், பற்றவைப்பு ஆகியவற்றில் முறையான பயிற்சி வேண்டுமென்றால், நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார் 1969 முதல் நம் ஈப்போவிலேயே இருக்கிறது. பிள்ளைகள் அங்கே சேரப் போகிறோமென்றால், பட்டப்படிப்புக்குப் போகவில்லையே என்று முகத்தைச் சுளிக்கும் பெற்றோர் சிலரை நான் அறிவேன். அவர்களுக்காகவே சற்று முன் பால் வெட்டைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினேன்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிய பிறகு, செய்தது பலித்ததா என்பதைக் கண்ணால் தீர்மானிக்காதீர்கள். அறுப்பதற்கு முந்திய நாள், அறையின் வெப்பத்தையும், கணினியே காட்டும் செயலியின் வெப்பத்தையும், ஒரே வேலையை ஒரு மணி நேரம் ஓடவிட்டுக் குறித்து வைத்திருக்க வேண்டும்; அறுத்த பிறகும் பகலின் அதே நேரத்தில், அதே வேலையை, பக்க மூடியை மூடிவைத்தே ஓடவிட்டு மறுபடியும் குறியுங்கள். இரண்டு நாளும் அறையின் வெப்பம் ஒன்றாக இராது. ஆகையால் செயலியின் வெப்பத்திலிருந்து அறையின் வெப்பத்தைக் கழித்து, வித்தியாசத்தை வித்தியாசத்தோடு ஒப்பிட வேண்டும். குறையவில்லையென்றால் விசிறியின் திசையை முதலில் பாருங்கள். தொடக்கக்காரர்களின் பெட்டியில் அநேகமாக அது மாறியிருக்கும்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். இந்த மேசையின்மேல் ஒரு பெட்டி இருக்கிறது. ஒரு பக்கத்தில் வாசல் அறுத்து முடித்தது, மறுபக்கத்தில் கோடு மட்டும் போட்டது. அரமும் பக்கத்தில் இருக்கிறது. விரும்புகிறவர்கள் வந்து விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். முடிக்காத பக்கத்தைத் தொடும்போது மட்டும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கேள்விகளை அங்கேயே கேட்கலாம்.